வாடகையை 15% கூட்டச் சொல்கிறார் வீட்டுக்காரர்: மறுத்துப் பேசலாமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. அடுத்த மாதத்திலிருந்து 15% கூட்டித் தர வேண்டும் என்று உரிமையாளர் போனில் சொல்லிவிட்டார். மறுத்துப் பேசினால் காலி செய்யச் சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. கேட்டதைக் கொடுத்துவிடலாமா?

பதில்: உடனே கொடுத்துவிடாதீர்கள். புதிய தொகையை ஒரு முறை அனுப்பிவிட்டாலே, நீங்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. பழைய வாடகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே செலுத்துங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவைப்பதும், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதும் பெரிய தவறு. காலி செய்யச் சொல்ல அவருக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

அடுத்து ஒப்பந்தத்தை எடுங்கள். காலம் இன்னும் முடியவில்லை, இடையில் வாடகை உயர்வு பற்றி அதில் எதுவும் இல்லை என்றால், பொதுவாக அவர் தன்னிச்சையாகக் கூட்ட முடியாது. சட்டம் ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் ஒன்டாரியோவில் 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம், அதுவும் 90 நாள் முன்பே எழுத்தில் தெரிவித்து. ஜெர்மனியில் குடியிருப்பவருக்கு 3 ஆண்டுகளில் 20 சதவீதமே உச்சவரம்பு. வீட்டுத் தட்டுப்பாடுள்ள பகுதிகளில் 15. உங்கள் பகுதி விதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவர் பக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 15% உயர்வு என்பது ஆண்டுக்கு 1.8 மாத வாடகை. நீங்கள் காலி செய்து வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்து, பெயின்ட், தரகு என்று இன்னொரு மாத வாடகை போனால், முதல் ஆண்டு உயர்வு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். தவறாமல் வாடகை தரும் குடித்தனக்காரர் என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது; பலர் இதை உணராமலே தலையாட்டிவிடுகிறார்கள்.

இந்த வாதம் எங்கே எடுபடாது? அக்கம்பக்கத்து வாடகை உண்மையிலேயே 15% கூடியிருந்தால். அதே அளவு, அதே வயதுள்ள ஐந்தாறு வீடுகளை விசாரியுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. அண்மையில் குடிவந்தவர்களிடம் கேட்டால்தான் படிந்த விலை தெரியும்.

உங்கள் செலவும் முக்கியம். வீடு மாற்ற 2 மாத வாடகை செலவாகும், புது வீடு மாதம் 5% மட்டுமே மலிவு என்றால், போட்ட பணம் திரும்ப 40 மாதம் ஆகும். அந்த நிலையில் மாறுவது வீண், பேரம்தான் வழி.

சந்தை நிலவரம் இடம்கொடுத்தால் 8 சதவீதம் கேளுங்கள். அடுத்த ஆண்டின் உயர்வு இந்த ஆண்டு வாடகையின் மேல்தான் ஏறும். 15-க்குப் பதில் 8 என்று முடித்து, பிறகு ஆண்டுக்கு 5% ஏறினாலும், மூன்று ஆண்டுகளில் இன்றைய வாடகையில் இரண்டரை மாதத்துக்கு மேல் மிச்சம்.

போனில் வாதாடாமல் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: "இதுவரை வாடகை தவறியதில்லை. இதே பகுதியில் இதே அளவு வீடுகளின் வாடகை இவ்வளவு. 8% உயர்த்தித் தருகிறோம். இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம்." இரண்டு ஆண்டு என்பது அவருக்கும் நிம்மதி, பலர் அதற்காகவே இறங்கி வருவார்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டிருந்தால் மட்டும் உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. அப்போது வீடு மாற்றும் செலவையும் புதிய அட்வான்ஸையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு அந்த நான்கு வரியை அனுப்புங்கள்.