சினைப்பையும் சிற்றளவு ஆர்.என்.ஏ.க்களும்: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

சூளைமேட்டில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் அறிவியல் வாசிப்பு வட்டத்தில், பாலூட்டிகளின் சினைப்பையில் சிறு ஆர்.என்.ஏ.க்கள் ஆற்றும் பணியைப் பற்றிச் சென்ற கூட்டத்தில் பேசினேன். நேரம் போதாமல் சீட்டில் எழுதித் தரப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பெரம்பூர், பள்ளி ஆசிரியை: அம்மா, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது என்ன வேலை செய்கிறது என்று பத்தாம் வகுப்பு மாணவருக்கு விளங்குமாறு சொல்ல முடியுமா?

மரபணுவிலிருந்து எடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. என்ற நகலைப் படித்துத்தான் செல் புரதத்தைத் தயாரிக்கிறது. ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., ஆர்கோநாட் என்ற புரதத்தின் மடியில் அமர்ந்துகொண்டு, தன் தொடக்கப் பகுதியிலுள்ள ஆறேழு எழுத்துகளுக்குப் பொருந்தும் நகலைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது அல்லது நகலையே சிதையச் செய்கிறது. குழாயை அடியோடு மூடுவதில்லை, நீர் வரும் வேகத்தைக் குறைக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரின் ஆய்வகங்களும் 1993இல் ஒரு சிறு உருளைப்புழுவில் இதன் முதல் எடுத்துக்காட்டைக் கண்டறிந்தன. அதற்கான நோபல் பரிசு 2024இல் வந்தது.

வேப்பேரி, கால்நடை மருத்துவ மாணவர்: சினைமுட்டை முதிர்வதற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. இன்றியமையாதது என்று ஒரு கட்டுரையும், தேவையே இல்லை என்று மற்றொரு கட்டுரையும் சொல்கின்றன. எது சரி?

எந்தச் செல்லில், எந்த விலங்கில் என்று கேட்காதவரை இரண்டும் சரியாகவே தோன்றும். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். சிறு ஆர்.என்.ஏ.க்களை நறுக்கித் தரும் டைசர் என்ற நொதியை, வளரும் சினைமுட்டையில் மட்டும் நீக்கிய சுண்டெலிகளை 2007இல் ஆராய்ந்தார்கள். முட்டை வளர்ந்தது; ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பிரிவின்போது, அவற்றைப் பிரித்திழுக்கும் கதிரிழைகள் குலைந்து, குரோமோசோம்கள் வரிசையில் நிற்காமல், முட்டை அங்கேயே நின்றுவிட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாததுதான் காரணம் என்று பலரும் கருதினார்கள். நானும் என் வகுப்பில் அப்படித்தான் கற்பித்தேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, மைக்ரோ ஆர்.என்.ஏ. உருவாவதற்கு மட்டும் தேவையான டி.ஜி.சி.ஆர்.8 என்ற புரதத்தை நீக்கிப் பார்த்தபோது, அந்த முட்டைகள் இயல்பாக முதிர்ந்து ஆரோக்கியமான குட்டிகளையும் ஈன்றன. அதாவது, சுண்டெலியின் முதிரும் முட்டையில் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருந்தும் அடங்கிக் கிடக்கிறது. டைசர் அங்கே நறுக்கித் தரும் மற்றொரு வகையான, செல்லுக்குள்ளேயே பிறக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.க்கள்தான் உண்மையில் முட்டையைக் காக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி, செயலிழந்த போலி மரபணுக்களிலிருந்து வருகிறது என்பதை 2008இலேயே கண்டிருந்தார்கள்.

கதை இதோடு முடியவில்லை. சுண்டெலியின் முட்டையில் டைசர் சற்றுக் குட்டையான வடிவில் இருக்கிறது. மரபணுவுக்குள் முன்னொரு காலத்தில் வந்து புகுந்த ஒரு தாவும் மரபுத்துண்டுதான் அந்தக் குட்டை வடிவத்தைத் தோற்றுவிக்கிறது. அது எலிக் குடும்பத்துக்கே உரிய ஏற்பாடு. பசுவிலும் மனிதரிலும் இல்லை. அதேபோல, தாவும் துண்டுகளை அடக்கும் பிவி புரதங்களையும் அவற்றோடு சேர்ந்த சிறு ஆர்.என்.ஏ.க்களையும் நீக்கினால் சுண்டெலியில் ஆண் மலடாகிறது, பெண் ஈனுகிறது. ஆகவே பெண்ணுக்கு இந்தப் பாதை வேண்டியதில்லை என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2021இல் பொன்னிற வெள்ளெலியில் அதே சோதனையைச் செய்தபோது பெண்ணும் மலடாயிற்று. கரு இரண்டு செல் நிலையிலேயே நின்றது. மனித முட்டையிலும் செயல்படும் பிவில்3 என்ற புரதம் வெள்ளெலியில் உண்டு, சுண்டெலியிலோ இல்லவே இல்லை. பசுவையும் எருமையையும் படிக்கப்போகும் நீங்கள், சுண்டெலி முட்டையைப் பற்றிய முடிவை அப்படியே மாட்டுக்கு ஏற்றிச் சொல்லும் கட்டுரையை ஐயத்தோடு வாசிப்பது நல்லது.

அதே மாணவர்: அப்படியானால் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குச் சினைப்பையில் வேலை எங்கே?

முட்டையைச் சூழ்ந்துள்ள கிரானுலோசா செல்களிலும், முட்டை வெளியேறிய பின் உருவாகும் மஞ்சள் உடலத்திலும். சுண்டெலியில், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உயர்ந்ததும் கிரானுலோசா செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 பெருகுகிறது, அதைத் தடுத்தால் அச்செல்கள் தாமாக மடிகின்றன, வெளிவரும் முட்டைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. டைசர் குறைந்த சுண்டெலிகளில் மஞ்சள் உடலத்துக்குள் ரத்தக் குழாய்கள் சரிவர வளர்வதில்லை. லெட்-7பி, 17 ஆகிய இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் சினைப்பையில் செலுத்தியபோது குழாய்கள் ஓரளவு வளர்ந்தன, ஆனாலும் கர்ப்பம் தங்கவில்லை.

சினைப்பைக்கு வெளியிலிருந்து வரும் கட்டுப்பாட்டையும் மறக்கலாகாது. மைக்ரோ ஆர்.என்.ஏ.-200பி, 429 ஆகிய இரண்டும் இல்லாத பெண் சுண்டெலிகளுக்கு முட்டை வெளியேறுவதில்லை. குறை சினைப்பையில் இல்லை, எல்.எச். சுரக்கும், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்தது. செப்1 என்ற அடக்கும் புரதம் அளவு மீறி, எல்.எச். போதிய அளவு சுரக்கவில்லை.

வேளச்சேரி, உறுப்பினர்: எனக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தால் காரணம் தெரியும் என்று ஒரு பரிசோதனைக் கூடத்தில் சொன்னார்கள். செய்யலாமா அம்மா?

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்தப் பிரச்சினை உள்ளவர்களின் ரத்தத்திலும், முட்டையைச் சூழ்ந்திருக்கும் ஃபாலிக்கிள் நீரிலும் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொன்னாலும், ஒரு ஆய்வின் பட்டியல் மற்றொன்றோடு ஒத்துப்போவது அரிது. உடல் எடை, இன்சுலின் அளவு, ரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருப்பது ஆகியவையே அளவை மாற்றிவிடும். மாதவிலக்கின் ஒழுங்கு, ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு, அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்றையும் கொண்டு முடிவு செய்யும் ரோட்டர்டாம் வரையறைகளின்படியே மகப்பேறு மருத்துவர்கள் இன்றும் கண்டறிகிறார்கள். அந்தப் பணத்தில் சர்க்கரைப் பரிசோதனையையும் கொழுப்புப் பரிசோதனையையும் செய்துகொண்டு, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாம்பரம், உறுப்பினர்: நாம் உண்ணும் அரிசியிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தத்தில் கலந்து நம் மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறதாமே?

2012இல் அப்படி ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மை. பிற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. சோற்றுக்கும் சினைப்பைக்கும் இந்த வழியில் தொடர்பு இல்லை.

கே.கே. நகர், உயிர்வேதியியல் முதுகலை மாணவி: சினைப்பைப் புற்றுநோயில் டைசருக்குப் பங்கு உண்டா?

பொதுவான வகையை விட, செர்ட்டோலி-லெய்டிக் செல் கட்டி என்ற அரிய வகையில் அது தெளிவாகத் தெரிகிறது. 2012இல் வெளியான ஆய்வில் இத்தகைய கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், டைசர் நொதிக்கான டைசர்1 மரபணுவில் குறிப்பிட்ட சில இடங்களிலேயே பிழை இருந்தது. அந்தப் பிழை நொதியை முழுவதும் கெடுக்காமல், மைக்ரோ ஆர்.என்.ஏ. நறுக்கி எடுக்கப்படும் முன்னோடி இழையின் ஒரு பக்கத்தை வெட்டும் கத்தியை மட்டும் மழுங்கடிக்கிறது. அதனால் ஒரு பக்கத்து மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உருவாகாமல் போக, மறுபக்கத்தவை வழக்கம்போல் வருகின்றன. சிலருக்கு இதே மரபணுவில் பெற்றோர் வழியாக வந்த ஒரு பிழையும் இருக்கும் என்பதால், இளம்பெண்ணுக்கு இக்கட்டி கண்டறியப்பட்டால் குடும்பத்தாருக்கு மரபணு ஆலோசனை பெறுமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு இதை எடுத்துக்கொள்வதானால், அந்த ஒருபக்க இழப்பு கிரானுலோசா செல்லின் அடையாளத்தை எவ்வாறு மாற்றுகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வாசிக்க வேண்டியவற்றை அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன்.