நோயாளிக்குப் போட்ட ஊசி என் கையில் குத்திவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். ரிப்போர்ட் பண்ணத்தான் வேண்டுமா?

பண்ணுங்கள். வார்டு இன்சார்ஜ் முகம் சுளிப்பாரே என்றுதான் தயங்குகிறீர்கள், புரிகிறது. முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுக்க வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம்.

எனக்கு நடந்தது இரவு டூட்டியில். கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போட்ட டாக்டர் அதன் ஊசியை கிட்னி டிரேயில் பஞ்சுக்கு அடியில் விட்டுப் போயிருந்தார். டிரேயை ஒதுக்கப் போனேன், சுருக்கென்றது. கிளவுஸுக்குள்ளே விரல் நுனியில் சிவப்பாகப் பரவுவது வெளியிலிருந்தே தெரிந்தது. அது உள்ளே துளை உள்ள ஊசி. தையல் ஊசியைவிட அதிக ரத்தத்தைச் சுமக்கும். கிளவுஸ் போடவில்லையா என்று கேட்க வருபவர்களுக்கு: போட்டிருந்தேன். ஊசிக்குக் கிளவுஸ் தெரியாது.

ரிப்போர்ட் ஃபார்மில் முதல் கேள்வியே "கவனக்குறைவு எப்படி ஏற்பட்டது?" என்றிருந்தது. அந்த வார்த்தையை அடித்துவிட்டு நடந்ததை எழுதினேன். டாக்டர் பெயரை ஏன் எழுதினாய் என்று அப்புறம் ஒரு பஞ்சாயத்து, அது தனிக்கதை.

நோயாளியின் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்கினார்கள். அது 28 நாள் கோர்ஸ். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு "ஒன்றும் இல்லை" என்று சொன்னவர் டெஸ்ட் பார்த்துச் சொன்னாரா, ஆளைப் பார்த்துச் சொன்னாரா? கேளுங்கள்.

எல்லோரும் எச்ஐவிக்குத்தான் பயப்படுகிறோம். எச்ஐவி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை போகும். மூன்று டோஸ் போட்டாயிற்றா, டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) 10-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. அதனால் இப்போதே உங்கள் ரத்தத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஏதாவது வந்தால், வேலைக்கு முன்பே இருந்தது என்று யாரும் கைகழுவ முடியாது.

நான் டாக்டர் இல்லைதான். ஆனால் வார்டில் ஊசி பெரும்பாலும் நர்ஸ்களான எங்கள் கையில்தான் குத்துகிறது. அடுத்த நாள் மருந்தால் குமட்டி லீவு கேட்டேன், சொந்த லீவில் கழித்துக்கொண்டார்கள். டூட்டி மாற்றும்போது ஒப்படைக்க ஆகும் நேரமும் ஓவர்டைமில் வராது. அதை யாரிடம் ரிப்போர்ட் பண்ணுவது?