அடிக்காமல் வளர்க்க முடியுமா? கேள்விகளும் பதில்களும்

குழந்தைகளை அடித்துத் திருத்துவது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இவை. குழந்தைகள் மனநல ஆலோசகரான நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையை அடிக்கக் கூடாது, லேசாகக்கூட. ஆனால் கை நீட்டிவிட்டவர்களைக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. தங்கையைக் கடிக்கிறான், முடியைப் பிடித்து இழுக்கிறான். கையில் ஒன்று போட்டால் அப்போதைக்கு விடுகிறான். மறுநாள் அதே கதை. வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்: இல்லை அம்மா. அது தப்பு என்று அவனுக்குத் தெரியும். நீளுகிற கையை நிறுத்தத்தான் இன்னும் வரவில்லை. கோபத்தையும் ஆசையையும் அடக்கிவைப்பது மூளையின் முன்பகுதியின் வேலை. அது முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. உங்கள் பையன் தொடக்கத்தில்தான் இருக்கிறான். அடி விழுந்ததும் அவன் நிறுத்துவது பயத்தில். பயந்துபோன குழந்தையின் கவனமெல்லாம் உங்கள் கையின் மேல்தான் இருக்கும். நீங்கள் சொல்கிற புத்திமதி காதில் ஏறாது. கோபம் வந்தால் பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்வான். தங்கையிடம் அதையே செய்வான்.

இப்படிச் செய்து பாருங்கள். கையை ஓங்கும்போதே மணிக்கட்டைப் பிடியுங்கள், இறுக்காமல். குனிந்து அவன் முகத்துக்கு நேரே வாருங்கள். "அடிக்க விடமாட்டேன்." அவ்வளவுதான், குரல் உயரவே வேண்டாம். திமிறுவான், அழுவான். அந்த நேரத்தில் எதையும் விளக்காதீர்கள். அடங்கிய பிறகு, "பாப்பா உன் பொம்மையை எடுத்ததும் கோபம் வந்துச்சுல்ல? அடுத்த தடவை 'குடு'ன்னு கேளு, தரலைன்னா என்னைக் கூப்பிடு" என்று சொல்லி, அங்கேயே ஒருமுறை செய்துகாட்ட வையுங்கள். எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால், அதற்குப் பதில் என்ன செய்வது என்று அந்த வயதில் தானாகத் தெரியாது. ஒரு தடவை கேட்டு வாங்கிவிட்டான் என்றால் அந்த நொடியே பாராட்டுங்கள். பொத்தாம்பொதுவாக "நல்ல பையன்" என்று வேண்டாம். "பிடுங்காம கேட்டு வாங்கினியே" என்று, செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பலர் இந்தப் பாராட்டை விட்டுவிடுகிறார்கள். பழக்கம் படிவதே இதில்தான்.

கேள்வி: அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்? எங்களையும் அடித்துத்தான் வளர்த்தார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம்?

பதில்: நன்றாக இருக்கிறீர்கள் ஐயா, சந்தோஷம். அது அடியால் வந்ததா, அடித்த அதே பெற்றோர் காட்டிய பாசத்தால் வந்ததா? ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். காயப்படுத்தும் அடியை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வெறுங்கையால் பின்புறத்திலோ கை கால்களிலோ போடுகிற அடியைத்தான் பார்த்தார்கள். அடி வாங்கிய குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன, பெற்றோருடன் உறவும் மோசமாக இருந்தது. சொல்பேச்சுக் கேட்பது கூடியதாகத் தெரியவில்லை.

சேட்டைக்காரப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. குழந்தையின் ஆரம்பகாலச் சேட்டையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வுகள் உண்டு. அவற்றிலும் இதே போக்குதான் தெரிகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிப்பு சிறியது. அடி வாங்கிய எல்லோரும் கெட்டுப்போவதில்லை. ஆனால் குணமே தராமல் பக்கவிளைவு மட்டும் தருகிற மருந்தை எந்த மருத்துவரும் எழுதிக்கொடுக்க மாட்டார்.

கேள்வி: லேசாக ஒரு தட்டு?

பதில்: இன்றைக்கு லேசாகத் தட்டியதற்கு அடங்குகிற குழந்தைக்கு நாளைக்கு அது பழகிவிடும். பிறகு கை தானாகவே பலமாக விழும். கன்னத்தில் அறைய நினைத்தது காதில் பட்டால் செவிப்பறை கிழியலாம். கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்து உலுக்குவது இன்னும் ஆபத்து. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம்.

கேள்வி: இரண்டு வயது மகள் நடுரோட்டில் ஓடுகிறாள். அப்போதும் அடிக்காமல் பேசிக்கொண்டிருப்பதா?

பதில்: பேச வேண்டாம், பிடித்து இழுத்துத் தூக்குங்கள். அது தண்டனை ஆகாது, பாதுகாப்பு. பதறிய உங்கள் குரலே போதும். இரண்டு வயதுக் குழந்தையை நினைவில் வைத்து நடக்கச் சொல்ல முடியாது. ரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பது நம் பொறுப்பு.

கேள்வி: மகனுக்கு 14 வயது. இரவெல்லாம் போனில் இருந்துவிட்டுப் படித்தேன் என்று பொய் சொன்னான். அறைந்துவிட்டேன். இப்போது பேச்சே இல்லை. அப்பாவான நான் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா?

பதில்: போகாது ஐயா. "உன்னை அடிச்சது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பொய் சொன்னதைப் பத்தித் தனியாப் பேசுவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். "நீ அப்படி நடந்துக்கிட்டதாலதான்" என்று ஒரு வால் சேர்த்தால் மன்னிப்பு அத்தோடு செத்துவிடும்.

அடிக்குப் பயந்த பிள்ளை நிறுத்துவதைவிட மறைப்பதைத்தான் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். போன் விஷயத்துக்குப் போனோடு தொடர்புள்ள விதியை வையுங்கள்: இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் எல்லோருடைய போனும் படுக்கையறைக்கு வெளியே. உங்களுடையதும்தான்.

கேள்வி: சட்டம் போட்டால் இது மாறுமா?

பதில்: சட்டத்தோடு பெற்றோருக்குப் பக்கபலமும் இருந்தால் மாறும். வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று முதன்முதலில் சட்டம் கொண்டுவந்தது ஸ்வீடன், 1979-இல். பெற்றோரைச் சிறையில் தள்ளுவது அதன் நோக்கமில்லை; அதற்கெனத் தனித் தண்டனை எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. பால் பாக்கெட்டுகளில்கூட அந்தச் செய்தியை அச்சிட்டு வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சட்டம் இருக்கிறது.

கேள்வி: அடிப்பதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. ஏழு வயது மகளின் சேட்டை முன்பைவிடக் கூடியிருக்கிறது. மறுபடி அடிக்கத் தோன்றுகிறது.

பதில்: இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். பயம் விலகியதும் எல்லை எங்கே என்று அவள் தொட்டுப் பார்ப்பாள். சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும். பத்து விதிகளை ஒரேயடியாகப் பிடிக்காமல் ஒன்றை மட்டும் எடுங்கள், உதாரணமாக விளையாடியதும் பொம்மைகளை எடுத்துவைப்பது. எடுத்துவைக்காவிட்டால் மறுநாள் அந்தப் பொம்மை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள், அழுதாலும் மாற்றாதீர்கள், திட்டவும் வேண்டாம். அவமானப்படுத்துகிற வார்த்தையும் அடிதான்.

கை ஓங்கத் தோன்றினால், "எனக்குக் கோபமா இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அவள் இருக்கும் இடம் பாதுகாப்பாக இருந்தால் போதும். தினமும் இந்த நிலைக்கு வருகிறீர்கள் என்றால் தூக்கமின்மையா, வேலைப்பளுவா, துணைக்கு ஆளில்லாததா என்று பாருங்கள். அதற்கு உதவி கேளுங்கள், வீட்டாரிடமோ மருத்துவரிடமோ.