புழக்கத்துக்கு வராத காசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் மெய்ஜி பேரரசர் கால (1868–1912) மாதிரி நாணயங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மாதிரி என்றால் அரசு பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியதுதானே? யார் கையிலும் புழங்காத காசுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அபூர்வம் என்பது மட்டும்தான் காரணமா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

எல்லா மாதிரியும் ஒதுக்கப்பட்டதல்ல. எந்தக் காசை வெளியிடலாம் என்று அரசு யோசித்துக்கொண்டிருந்தபோது அடித்துப் பார்த்தவை அவை. 1870 வாக்கில் ஜப்பானுக்கு யோசிக்க நிறையவே இருந்தது. நீள்வட்டப் பொற்காசு, செவ்வக வெள்ளிக்காசு, நான்கு நான்காகப் பிரியும் ரியோ என்ற பழைய பணக் கணக்கு. போதாததற்குக் கள்ளக்காசு வேறு. வெளிநாட்டுத் தூதர்கள் புகார் மேல் புகார் சொன்னார்கள். சரி, இனி வட்டக்காசு, பத்தின் மடங்கில் யென் கணக்கு என்று முடிவானது. 1868இல் மூடப்பட்ட ஹாங்காங் நாணயச்சாலையின் இயந்திரங்களை வாங்கி ஒசாகாவில் நிறுவினார்கள். ஹாங்காங்கில் தலைமையில் இருந்த கிண்டர் என்ற ஆங்கிலேயரே ஒசாகாவுக்கும் வந்தார்.

காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சுகளை மட்டும் பிரிட்டனில் செய்து வாங்குவதாக இருந்தது. அதற்கு முன்மாதிரி செய்யும் வேலை கானோ நட்சுவோவிடம் போனது. வாளின் உலோக உறுப்புகளில் நுண்வேலை செய்து பேர் வாங்கியவர் அவர். காசுக்காக அவர் செதுக்கிய டிராகனைப் பார்த்தபின், அச்சையும் இவரே செய்யட்டும் என்றாகிவிட்டது. என்னைக் கேட்டால் இந்த மாதிரிகளின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது. அந்த டிராகனும் சும்மா வந்துவிடவில்லை. பேரரசரின் முகத்தைப் பொறிக்கலாம் என்ற யோசனை இருந்தது. கண்ட கண்டவர் கையிலெல்லாம் அவர் முகம் புழங்குவதா என்று அதைக் கைவிட்டு டிராகனை வைத்தார்கள்.

வெள்ளியா தங்கமா என்பதுகூட அப்போது உறுதியாகவில்லை. முதலில் வெள்ளி யென்தான் அடிப்படை என்றிருந்தார்கள். அமெரிக்காவுக்குப் போயிருந்த அரசு அதிகாரி இட்டோ ஹிரோபூமி தங்கமே வேண்டும் என்று அங்கிருந்து வற்புறுத்தி எழுதினார். 1871 சட்டத்தில் ஒரு யென் என்பது 1.5 கிராம் தங்கம் என்றானது.

அப்புறம், வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: மெய்ஜி 3 (அவர் ஆட்சியின் மூன்றாம் ஆண்டு), அதாவது 1870, என்று பொறித்திருப்பதை மட்டும் பார்த்து மாதிரி என்று நம்பிவிடாதீர்கள். புழக்கத்துக்கு வந்த 26.96 கிராம் வெள்ளி யென்னிலும் அதே ஆண்டுதான் இருக்கிறது.