தள்ளினால்தான் கிளம்பும் கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோவில் வேலை பார்க்கிறேன். இங்கே மண் டிராக்கில் பழைய ஸ்பிரிண்ட் ரேஸ் கார்கள் ஓடுவதைப் பார்த்ததிலிருந்து, 1960களின் கார் ஒன்றை வாங்க ஆசை. வீட்டு கராஜில் வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. கம்ப்யூட்டர், பேட்டரி, செல்ஃப் ஸ்டார்ட், கிளட்ச், கியர்பாக்ஸ் எதுவும் கிடையாது. ஒரே ஒரு லீவர் எஞ்சினைச் சக்கரத்தோடு சேர்க்கும், பிரிக்கும். எந்தப் பாகத்தையும் கையால் தொட்டு, எதற்காக இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இந்தக் காரின் அழகே அதுதான். ஆனால் சாலையில் ஓட்ட முடியாது. திருப்பத்தில் இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் பின் அச்சில் இல்லை. வலது பின் டயர் சுற்றளவில் பெரியது என்பதால் வண்டி எப்போதும் இடப்பக்கமே இழுக்கும். டிரெய்லரும், தள்ளிவிட ஒரு பிக்கப்பும், துணைக்கு ஓர் ஆளும் கட்டாயம்.

கேள்வி: ஆஃபன்ஹவுசர் எஞ்சின் வாங்குவதா, ஷெவர்லே வி8 வாங்குவதா?

பதில்: முதல் கார் என்றால் ஷெவர்லேதான். 1955இல் வந்த அந்தச் சிறிய வி8 குடும்பத்துக்கு இன்றும் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் எளிதில் கிடைக்கும். ஆஃபன்ஹவுசர் நான்கு சிலிண்டர் எஞ்சின் அபூர்வமான வேலைப்பாடு. ஹெட்டும் சிலிண்டர் பிளாக்கும் ஒரே வார்ப்பு. வால்வு வேலைக்குக்கூட பிளாக்கையே கழற்ற வேண்டும். பாகமும் விலை அதிகம், கைதேர்ந்த மெக்கானிக்கும் அரிது.

கேள்வி: ஸ்டார்ட் செய்யும் முறை என்ன?

பதில்: வரிசை தப்பினால் எஞ்சின் போய்விடும், அதனால் இதை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) ஸ்விட்ச் ஆஃப், எரிபொருள் வால்வு மூடி இருக்கட்டும். லீவரைச் சேர்த்துவிட்டு, பிக்கப்பை விட்டுத் தள்ளச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா பாருங்கள். ஏறிய பிறகு எரிபொருளைத் திறந்து, உடனே மேக்னெட்டோவை ஆன் செய்யுங்கள். எரிபொருளை முன்னதாகவே திறந்துவிட்டால், இந்தக் காரின் எரிபொருளான மெத்தனால் என்ற ஆல்கஹால் சிலிண்டரில் தேங்கும். திரவம் அமுங்காது, பிஸ்டன் மேலே வந்து முட்டும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நிறுத்தி வைத்த காரில் வால்வு கசிந்தாலும் இதே ஆபத்துதான். நாள்பட நின்ற வண்டி என்றால் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுற்றிப் பார்த்த பிறகே தள்ளுங்கள். நிறுத்தும்போது முதலில் எரிபொருளை மூடுங்கள். மிச்சம் எரிந்து எஞ்சின் தானாக அடங்கியதும் மேக்னெட்டோவை ஆஃப் செய்யுங்கள்.

கேள்வி: மெத்தனால் பழைய எஞ்சினுக்குக் கெடுதல் என்கிறார்களே?

பதில்: எஞ்சினுக்குள் எரியும்போது அது நல்ல எரிபொருள், குளிர்ச்சியாக எரியும். பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும், அவ்வளவுதான். உள்ளேயே விட்டுவிட்டால்தான் வினை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; அதனால் அலுமினியமும் மெக்னீசியமும் வெள்ளையாகப் பூத்துவிடும். எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் ஹில்போர்ன் இன்ஜெக்டரின் நுண்துளைகள் அடைபடும். ஓட்டிய அன்றே டாங்கைக் காலி செய்யுங்கள். பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, லீவரைச் சேர்த்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் எஞ்சின் நான்கைந்து சுற்று சுற்றும்; எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். எஞ்சின் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் மெத்தனால் கலந்துவிட்டது என்று அர்த்தம்; மாற்றிவிடுங்கள்.

மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம் அது; கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: கியர்பாக்ஸ் இல்லாமல் வேறு வேறு டிராக்குக்கு எப்படிப் பொருத்துவது?

பதில்: பின் அச்சின் 'க்விக் சேஞ்ச்' பெட்டியில். பின் மூடியைத் திறந்தால் இரண்டு பல்சக்கரங்கள் கையோடு வந்துவிடும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற விகிதம் இதனால் மாறும். 4.11 அச்சில் 20, 25 பல் ஜோடி போட்டால் 5.14, அதையே இடம் மாற்றிப் போட்டால் 3.29. மூடியைத் திறக்கும் முன் அடியில் தட்டு வையுங்கள், கியர் ஆயில் கொட்டும்.

கேள்வி: வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். மெக்னீசியம் ரிம்கள் வயதாக ஆக விரிசல் விடும். சாயம் ஊடுருவச் செய்து விரிசலைக் காட்டும் சோதனை செய்யாமல் ஓட்டாதீர்கள். ஃபிரேமின் வெல்டிங் இணைப்புகளையும் ஸ்டீயரிங் கைகளையும் அப்படியே சோதியுங்கள். டார்ஷன் பாரில் (முறுகி ஸ்பிரிங்போல வேலை செய்யும் எஃகுக் கம்பி) சிறு கீறல் இருந்தாலும் அந்த இடத்தில்தான் முறியும். கழற்றினால் இடது, வலது என்று குறித்து வையுங்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய பாரை மறுபக்கம் மாட்டக் கூடாது.