பெற்றோரைக் கவனிக்கும் செயலி: மனித மைய வடிவமைப்பா, ஊக வடிவமைப்பா?

தனியாக வசிக்கும் வயதான பெற்றோரின் நடமாட்டத்தை வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிவிக்கும் செயலியைச் சிறு குழுவாகச் செய்கிறீர்கள். காலம் குறைவு, மனித மைய வடிவமைப்பு, ஊக வடிவமைப்பு என்ற இரண்டில் எந்த வழியில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையின் பெரும்பகுதி மனித மைய வடிவமைப்பாகவே இருக்கட்டும். ஆனால் நிரல் எழுத உட்காரும் முன் இரண்டு நாளாவது, நாளை நேரக்கூடியதை ஒரு கற்பனைப் பொருளாகச் செய்து பார்க்கும் ஊக வடிவமைப்புக்குக் கொடுங்கள். பில் போடும் திரையோ சரக்கு இருப்புப் பதிவோ செய்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மனித மைய வடிவமைப்புக்கு ஐஎஸ்ஓ 9241-210 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. பயன்படுத்துபவரை அவர் இடத்திலேயே பார்ப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது, திருத்துவது என்று போகும் முறை. அதன் பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பேருந்துச் செயலி ஒன்றுக்காகப் பேசிய பெற்றோர் எல்லோரும் வரைபடம் வேண்டும் என்றார்கள். காலையில் தெருமுனையில் அவர்களோடு நின்றபோது, ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக இருந்தவர்களின் பார்வை போனது 'இன்னும் 6 நிமிடம்' என்ற வரிக்கு மட்டும்தான்.

ஆனால் மனித மைய வடிவமைப்பு பயனரைப் பார்க்கும் அளவுக்கு, செயலியைத் தொடாமலே அதன் விளைவைச் சுமப்பவரைப் பார்ப்பதில்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள் வெளியிட்ட, பொருள்களோடு மாட்டிவைத்து அவை இருக்கும் இடத்தை அறியும் சிறு வில்லையான ஏர்டேக் இதற்கு நல்ல சான்று. சாவி தொலைத்தவருக்கு அருமையான பொருள். அருகில் போகும் யாருடைய ஐபோனோ அதன் புளூடூத் சமிக்ஞையைப் பிடித்து இருப்பிடத்தைச் சொல்லிவிடும். அதையே ஒரு பெண்ணின் கைப்பையில் ஒளித்துவைத்தால்? ஆப்பிள் இதை யோசிக்காமல் இல்லை. தெரியாத ஏர்டேக் கூடவே வந்தால் ஐபோன் எச்சரிக்கும். தொடக்கத்தில், உரிமையாளரைப் பிரிந்து 3 நாள் ஆனால் ஏர்டேக்கே ஒலி எழுப்பும் என்று வைத்திருந்தார்கள். ஆனால் வேவு பார்ப்பவர் கணவராக இருந்து தினமும் வீடு திரும்பினால், அந்த 3 நாள் கணக்கு ஒருபோதும் முடியாது. ஆண்ட்ராய்டு வைத்திருந்தவருக்கு அப்போது எச்சரிக்கையே கிடையாது. சில வாரங்களில் 3 நாளை 8 முதல் 24 மணி நேரமாகக் குறைத்தார்கள். ஆண்ட்ராய்டில் தானாக எச்சரிக்கை வரத் தொடங்கியதோ 2023 ஜூலையில். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இரு வகைத் தொலைபேசிகளுக்கும் பொதுவான எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தது 2024 மே மாதத்தில். அந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஊக வடிவமைப்பு இந்த இடத்தில்தான் உதவும். லண்டனில் வடிவமைப்பாளர்கள் அந்தோணி டன்னும் ஃபியோனா ராபியும் வளர்த்தெடுத்த இந்த முறை எதிர்காலத்தைக் கணித்துச் சொல்வதில்லை. நாளைய உலகில் புழங்கக்கூடிய ஒரு பொருளை இன்றே செய்து மேசையில் வைத்து, 'இப்படி ஓர் உலகம் நமக்குச் சம்மதமா?' என்று விவாதிக்க வைக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லும் பொருள் ஒரு வக்கீல் நோட்டீஸ். அம்மா தன் வீட்டை மகளுக்கு எழுதிவைத்துக் காலமாகிவிட்டார். 'இரண்டு முறை நள்ளிரவில் வாசல் கதவைத் திறந்திருக்கிறார், கோயிலிலிருந்து வழி தவறியிருக்கிறார். சுயநினைவோடு எழுதிய உயில் அல்ல இது' என்று உங்கள் செயலியின் பதிவுகளைக் காட்டி மகன் அனுப்பும் நோட்டீஸ். அதை ஒரு பக்கத்துக்கு, தேதியும் நேரமும் போட்டு எழுதிப் பாருங்கள். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது, அம்மா நினைத்தால் அணைத்துவைக்க முடியுமா, அணைத்தால் அது மகனுக்குத் தெரியவேண்டுமா என்ற கேள்விகள் அந்தத் தாளிலிருந்தே எழும். இவற்றுக்கான விடை தரவுத்தள அமைப்பையே மாற்றும். ஆயிரம் வீடுகளுக்குப் போன பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

பிறகு அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அம்மாக்களிடமே போய்ப் படிக்கக் கொடுங்கள். பிள்ளைகள் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அவர்கள் எதிரில் அம்மாக்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார்கள்.