போத்தல் பியரைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்ப மாதிரி எடுப்பது எப்படி?

கேட்டவர் நிலாவெளியில் விடுதி நடத்துகிறார். வாங்கி அடுக்கிய பியரில் சில போத்தல்கள் கலங்கிப் புளிப்படிக்கிறதாம். கழுவிய வெறும் போத்தலில் கொஞ்சம் ஊற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதுமா என்கிறார்.

போதாது. திறக்கவே வேண்டாம், மூடியோடு முழுப் போத்தலாகக் கொடுங்கள். நான் உணவு ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். ஊற்றிக் கொண்டுவந்த பியரில் கிருமி வளர்ந்தால் அது பியரில் இருந்ததா, ஊற்றிய போத்தலில் இருந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் இதைப் பாருங்கள். குளிரில் கலங்கிய பியர் வெளியே வைத்ததும் தெளிந்துவிட்டால் கிருமியைத் தேட வேண்டாம். புரதமும் பொலிபீனோல் என்னும் தாவரத் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து செய்யும் கலங்கல் அது. வெயில் பட்ட பச்சைப் போத்தலில் வரும் கெட்ட வாடையும் கிருமியால் வருவதல்ல. புளிப்பு, வெண்ணெய் வாசம், திறந்தவுடன் பீறிடும் நுரை என்றால் லாக்டோபசிலஸ், பீடியோகொக்கஸ் என்னும் புளிக்கவைக்கும் பற்றீரியாக்கள், காட்டு மதுவம் (தானாக வந்து சேரும் ஈஸ்ட்) போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். குடித்த விருந்தினரை நினைத்துப் பயப்பட வேண்டாம். மதுசாரமும் அமிலமும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் இருக்கிற பியரில் நோய்க்கிருமிகள் பெருகுவதில்லை.

சரி, எங்களிடம் வந்த போத்தலுக்கு என்ன நடக்கும்? பியரை விட அதன் வெளிப்புறம்தான் எங்களுக்குத் தலையிடி. தகர மூடியின் 21 பற்களுக்கு அடியிலும் தூசியும் தண்ணீரும் தங்கும். மீன் ஏற்றிய ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு போட்டுக் கொண்டுவந்தால் அந்த ஐஸ் தண்ணீர் முழுக்க அங்கேதான் நிற்கும். குளிர்ப் போத்தலைத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரைத்துக் கொட்டும். ஆனால் திருகோணமலைப் புழுக்கத்தில் வெளியே எடுத்த கையோடு கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். அந்த ஈரத்தின் மேல் 70% மதுசாரத்தைத் தடவினால் அது நீர்த்துப்போய்ச் சரியாக வேலை செய்யாது. ஆகவே முதலில் கிருமிநீக்கிய பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும், பிறகுதான் மதுசாரம். 95% இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை, கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும்.

அப்புறம், வெக்கை எவ்வளவு இருந்தாலும் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். அடியில் படிந்த கிருமி கலக்கும்படி போத்தலை மெதுவாக இரண்டு மூன்று தரம் கவிழ்த்து நிமிர்த்தி, நுரை அடங்க விடுவோம். திறப்பானைச் சுவாலையில் காட்டி, மூடியைக் கழற்றி, வாயையும் ஒரு நொடி காட்டுவோம். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து மீண்டும் உள்ளே இறங்கினால் அந்தப் போத்தல் சரிவராது, வேறொன்றை எடுப்போம். 100 மில்லிலீட்டர் பியரைப் புனலில் ஊற்றி, கிருமியைப் பிடித்துவைக்கும் 0.45 மைக்ரோன் துளை வடிதாள் வழியே இழுத்து, தாளை ஏகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில்) வைப்போம். மதுவத்தை அடக்கும் சைக்ளோஹெக்ஸிமைட் கலந்த தட்டு பற்றீரியாவுக்கு. அதை ஒட்சிசன் இல்லாத ஜாடியில் ஐந்தாறு நாள் வைப்போம். அடுத்த நாளே முடிவு கேட்காதீர்கள்.

டின் பியர் இன்னும் சங்கடம். கொக்கியை இழுத்ததும் மேல்தகடு உள்ளே மடிந்து, அதன் வெளிப்பக்கம் நேரே பியரில் தோயும். அதனால் கொக்கியைத் தொடாமல், கிருமிநீக்கிய இடத்தில் சுட்ட ஊசியால் துளைப்பதே நல்லது. வீங்கிய டின்னைத் தீயருகே கொண்டுபோகவே கூடாது.

இதே புனலில், இதே வகைப் புது வடிதாளில் கிருமிநீக்கிய தண்ணீரையும் ஒருமுறை இழுத்து வைப்போம். அந்தத் தட்டிலும் ஏதாவது முளைத்தால் உங்கள் பியர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கெட்டதென்று நினைக்கும் போத்தல்களோடு அதே தொகுதி எண்ணுள்ள நல்ல போத்தல்களையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிக் குளிராகக் கொண்டுவாருங்கள்.